பங்குச் சபைக்கு யாரைத் தெரிவது?
திருச்சபைத் தலைவர்களிடம் திருமறை கேட்கும் தகைமைகள்

ஆனையிறவுக்குத் தெற்கே, கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிறு கோவில் ஒன்றில், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒரு கூட்டம் கூடியது. பங்குச் சபைக்குப் புதிய அங்கத்தவர்களைத் தெரிவுசெய்வதே நோக்கம். பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, பெயர்களை முன்மொழியுமாறு கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழமையாக இப்படியான கூட்டங்களில் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் கிடைத்துவிடுவார்கள். வாத்தியார் ஒருவர், கடைக்காரர் ஒருவர் என்று காரியம் முடிந்துவிடும். அன்று அப்படி நடக்கவில்லை. கடைசியில் பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் எழும்பி, “சுவாமி, ஆரைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். முகாமிலை பேர் எழுதின ஆளை மட்டும் போடாதேயுங்கோ” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

அவர் யாரைச் சொன்னார் என்பது எம்மைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மனிதரும் அங்கேயே, யன்னலோரமாக, தலையைக் குனிந்தபடி இருந்தார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அம்மாவின் வார்த்தைதான். திருச்சபையில் தலைமைப் பொறுப்பை ஏற்பவரிடம் என்ன தகைமைகள் இருக்க வேண்டும் என்று திருமறை சொல்கிறது? இதனைக் குருமடத்து வகுப்பறையில் படித்திருக்கிறோம். ஆனால் பலமுறை இடம்பெயர்ந்து, பலமுறை வரிசையில் நின்று, பலரால் பெயர் எழுதப்பட்டும் விடப்பட்டும் வாழ்ந்த மக்கள் நடுவில் அதே பகுதிகளைத் திரும்ப வாசிக்கும்போது, முன்பு கண்ணில் படாதவை படுகின்றன.

ஆனையிறவைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1990 இல் இந்தப் பாதை அடைபட்டபோது கொம்படி, ஊரியான் வழியாகவும், பின்னர் கிளாலிக் கடலிலே இருட்டில் படகேறியும் கடந்தவர்கள் நீங்கள். 1991 இலும், 2000 ஏப்ரலிலும், 2009 ஜனவரியிலும் இந்த ஒடுங்கிய நிலத்துண்டு கைமாறவும் கைமாறாதிருக்கவும் நடந்த சண்டைகளின்போது, சுற்றியிருந்த ஊர்களெல்லாம் எழும்பி ஓடின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நாமும் சிறு பையனாக அந்தச் சனத்துக்குள் நடந்தோம். பின்னர் கிளாலியால் வன்னிக்கு வந்தோம். ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அம்மாவோடு வரிசையில் நின்றதும், எமது முறை வரும்போது அரிசி முடிந்துவிட்டது என்று ஒருவர் கொப்பியை மூடியதும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அவரது முகம் நினைவில் இல்லை, கொப்பியின் நிறம் நினைவிருக்கிறது.

முதல் தெரிவு நடந்த இடம்

திருத்தூதர் பணிகள் நூலின் 6 ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். எருசலேமில் முதற் கிறிஸ்தவர்கள் தமக்குள் இருந்ததை ஒன்றாக வைத்துப் பகிர்ந்து வாழ்ந்தார்கள். கைம்பெண்களுக்கு நாளாந்தம் உணவு பங்கிடப்பட்டது. அந்தச் சமூகத்தில் இரண்டு பகுதியார் இருந்தனர். ஒரு பகுதியார் உள்ளூர் யூதர், எபிரேய மொழி பேசுவோர். மற்றவர்கள் வெளிநாடுகளில் வாழ்ந்து வந்த யூதர், கிரேக்கம் பேசுவோர். கிரேக்கம் பேசும் கைம்பெண்கள் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. நற்பெயரும் தூய ஆவியும் ஞானமும் உள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி திருத்தூதர்கள் மக்களையே கேட்டார்கள். மக்கள் தெரிந்தார்கள், திருத்தூதர்கள் அவர்கள்மேல் கைவைத்துச் செபித்தார்கள்.

திருச்சபையில் மக்கள் கூடித் தலைவர்களைத் தெரிந்த இந்த முதல் நிகழ்ச்சி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஆலயத்திலும் அல்ல, பாடசாலையிலும் அல்ல. சாப்பாடு பங்கிடும் இடத்தில், “எங்களுக்குக் கிடைக்கவில்லை” என்ற முறைப்பாட்டில் தொடங்குகிறது. நிவாரண வரிசையில் நின்று பழகிய எம்மவருக்கு இதனை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெரியப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் எழுதி வைக்கப்பட்டுள்ளன: ஸ்தேவான் (எமது முன்னோர் முடியப்பர் என்று வணங்கியவர்), பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். கடைசியானவர் பிறப்பால் யூதரும் அல்லர். அந்தியோக்கியாவிலிருந்து யூத மறையைத் தழுவி வந்தவர். பங்கீட்டில் விடுபட்டது எந்தப் பகுதியோ, அந்தப் பகுதியின் பெயர்களைக் கொண்டவர்களிடமே பங்கீடு ஒப்படைக்கப்பட்டது. சரிக்குச் சரி என்று இவர்களில் மூவர், அவர்களில் நால்வர் என்றுகூடப் பிரிக்கவில்லை. பலமுள்ள பகுதியார் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

எமது பங்குகளில் இதற்கு நேரான நிலை உண்டா? உண்டு. 1958, 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல. காட்டை வெட்டியவர்களும், பிறருடைய வயலில் கூலிக்கு இறங்கியவர்களும், இரணைமடு வாய்க்காலின் வால்பகுதியில் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களும் அவர்கள். காணி உறுதி இல்லை என்பதற்காகப் பல உதவித் திட்டங்களில் அவர்களது பெயர் வரவில்லை. கோவிலில் அவர்கள் இருக்கிறார்கள். சிரமதானத்துக்கு முதலில் மண்வெட்டியோடு வருவதும் அவர்களே. பங்குச் சபைப் பட்டியலில் மட்டும் அவர்கள் பெயரைக் காண்பது அரிது. சாதியின் பெயரால் கோவிலின் பின்பக்கத்தில் இருந்து பழகிய குடும்பங்களின் நிலையும் இதுதான். பொன் மோதிரம் போட்டவருக்கு முன் ஆசனமும் கந்தல் உடுத்தவருக்கு நிலமும் காட்டும் சபையை யாக்கோபு தமது மடலின் 2 ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். எமக்கு அது நன்கு தெரிந்த காட்சி. திருநாள் உபயம் யாருக்கு, கொடி யாருக்கு என்று வரும்போது அந்த மோதிரம் இன்னும் மினுங்குகிறது.

நான்கு பட்டியல்கள்

தலைவர்களின் தகைமைகளை வரிசையாகச் சொல்லும் பகுதிகள் புதிய ஏற்பாட்டில் நான்கு உள்ளன. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலின் 3 ஆம் அதிகாரத்தில் இரண்டு: ஒன்று சபைக் கண்காணிப்பாளருக்கு, மற்றது திருத்தொண்டருக்கு. தீத்துவுக்கு எழுதிய மடலின் 1 ஆம் அதிகாரத்தில், கிரேத்துத் தீவின் ஊர்களில் ஏற்படுத்த வேண்டிய மூப்பர்களைப் பற்றி ஒன்று. பேதுருவின் முதல் மடலின் 5 ஆம் அதிகாரத்தில் மூப்பர்களுக்கான அறிவுரை ஒன்று. இம்மடல்களை அவர்களே எழுதினார்களா, அவர்களது வழியில் வந்த சீடர்கள் எழுதினார்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் இங்கு எமக்கு ஒரு நட்டமும் இல்லை.

கண்காணிப்பாளர் என்ற சொல்லிலிருந்து ஆயர் என்ற பணியும், மூப்பர் என்பதிலிருந்து குரு என்ற பணியும், திருத்தொண்டர் பணியும் காலப்போக்கில் தனித்தனியாக உருப்பெற்றன. அந்த ஆரம்ப நாட்களில் எல்லை அவ்வளவு தெளிவாக இல்லை. எனவே இப்பட்டியல்களை ஆயருக்கும் குருவுக்கும் உரியவை என்று மூடிவைத்துவிட முடியாது. பங்குச் சபைத் தலைவர், உபதேசியார், மாதர் சங்கப் பொருளாளர் வரை கோவிலின் பெயரால் பொறுப்பெடுக்கும் எல்லோரும் தம்மை நிறுத்துப் பார்க்கக் கூடிய தராசு அது.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒன்று புலப்படும். போதிக்கும் திறமை இரண்டில் மட்டுமே கேட்கப்படுகிறது. குடிக்கு அடிமையாக இருக்கக் கூடாது என்பது மூன்றில் வருகிறது. நான்கிலும் தவறாமல் வருவது பணத்தைப் பற்றிய எச்சரிக்கை. கண்காணிப்பாளர் பொருளாசை அற்றவராக இருக்க வேண்டும், திருத்தொண்டர் இழிவான ஆதாயம் தேடாதவராக இருக்க வேண்டும், மூப்பர்களுக்கும் அதே சொல். படிப்பு, காணி, குலம், குரல்வளம் எதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மற்றவற்றில் சிலவற்றைப் பார்ப்போம். அடிக்கிறவராக இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. கை நீட்டும் ஆட்களும் தலைமைக்கு வந்திருந்தபடியால்தானே அதனை எழுத வேண்டி வந்தது! இரட்டை நாக்கு உள்ளவராக இருக்கக் கூடாது என்பது திருத்தொண்டருக்குத் தனியாகச் சொல்லப்படுகிறது. வீடு வீடாகப் போய்ப் பங்கிடுகிறவர் அவர். இந்த வீட்டில் ஒரு கதை, அடுத்த வீட்டில் ஒரு கதை சொன்னால் ஊர் இரண்டாகும். விருந்தோம்பல் இரண்டு பட்டியல்களில் இருக்கிறது. மூலமொழியில் அதற்கு அந்நியரிடத்தில் அன்பு என்று பொருள். உறவினருக்குச் சோறு போடுவதை அது குறிக்கவில்லை. தெரியாத குடும்பமொன்று சட்டி பானையோடு படலையில் வந்து நின்றபோது தனது விறாந்தையையும் கிணற்றையும் கொடுத்தவர் யார்? 1995 இலும் 2008 இலும் அப்படிக் கொடுத்தவர்களை உங்களுக்குத் தெரியும். ஒரு மரத்துக்குக் கீழே கொட்டில் போட வாடகை கேட்டவர்களையும் உங்களுக்குத் தெரியும்.

வெளியாரிடம் நற்பெயர் வேண்டும் என்பது இன்னொன்று. எமது ஊர்களில் சைவக் குடும்பங்களுக்கு நடுவில் நாம் வாழ்கிறோம். கோவிலுக்குள் பக்தியாக நிற்பவரைப் பற்றி நாம் சொல்வதைவிட, வரம்புக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கும் சைவக் கமக்காரர் சொல்வது கூடுதல் பெறுமதியானது. இரவில் வாய்க்கால் மடையைத் திருப்பி விடுபவர் யார் என்பது அவருக்குத் தெரியும். பவுலின் இந்த நிபந்தனையை எமது பங்குகளில் ஒருவரும் கைக்கொள்வதாக நாம் காணவில்லை. கூட்டத்துக்கு முன் அயலவரிடம் ஒரு சொல் கேட்பது அவமானமல்ல.

புதிதாக மறையில் சேர்ந்தவர் கண்காணிப்பாளர் ஆகக் கூடாது என்றும் உள்ளது. பெருமை தலைக்கேறும் என்பதே காரணம். இதனைச் சிலர், ஊருக்குப் புதிதாக வந்தவர் கூடாது என்று திரித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது தவறு. ஊருக்குப் புதியவர் வேறு, விசுவாசத்துக்குப் புதியவர் வேறு.

திருத்தொண்டர்கள் முதலில் சோதித்தறியப்பட வேண்டும், பின்னரே பணியில் அமர்த்தப்பட வேண்டும் என்றும் பவுல் எழுதுகிறார். இதனைக் கமக்காரருக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. விதைநெல் வாங்கினால் நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தது என்று பார்த்துவிட்டுத்தானே வயலில் எறிகிறீர்கள்? ஆளைத் தெரியும்போது மட்டும் மூட்டையின் வெளிப்பக்கத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

நாம் செய்த பிழை

அப்படி வாங்கியவர்களில் நாமும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், உழவு இயந்திரம் வைத்திருந்த, மேடையில் நன்றாகப் பேசக் கூடிய ஒருவரைப் பங்குச் சபைத் தலைவராக நாமே விரும்பிப் போட்டோம். கோவில் கூரைக்குச் சிலாகை ஏற்ற அவரது பெட்டி வந்தது, திருநாளுக்குத் தண்ணீர்த் தாங்கி வந்தது. நல்ல மனிதர் என்றே இன்றும் நினைக்கிறோம். அந்நேரம் விதைநெல்லுக்கான சுழற்சிக் கடன் ஒன்றைக் கோவில் மூலமாகக் கொடுத்தோம். யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியலை அவரிடம் விட்டோம். அவருக்கு உழவுக்கூலி பாக்கி வைத்திருந்த குடும்பங்கள் ஒன்றுமே அந்தப் பட்டியலில் இல்லை என்பது இரண்டு போகம் கழிந்த பின்புதான் எமக்குத் தெரியவந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஒரு தகப்பனிடம் கேட்டோம். “சுவாமி அவற்ரை வீட்டிலைதானே சாப்பிடுறனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?” என்றார்.

அந்தப் பதிலுக்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இருக்கவும் இல்லை. அதன் பின் நாம் சாப்பிடும் வீடுகளை முறை வைத்துக்கொண்டோம். பட்டியல்களைக் கோவில் கதவில் ஒட்டத் தொடங்கினோம்.

ஒரு வீட்டைக் கொண்டு நடத்துதல்

தன் வீட்டை நன்றாக நடத்தத் தெரியாதவர் இறைவனின் சபையை எப்படிக் கவனிப்பார் என்று பவுல் கேட்கிறார். ஒரே மனைவியை உடையவராக, பிள்ளைகள் கீழ்ப்படிந்து நடப்பவர்களாக இருக்க வேண்டும் என்கிறார். அக்காலத்தில் தலைவர்கள் குடும்பஸ்தர்கள்; இலத்தீன் வழிபாட்டு முறையில் குருக்களின் மணத்துறவு பின்னர் சட்டமாக வந்தது. இன்றும் மணமானவர்கள் நிரந்தரத் திருத்தொண்டர்கள் ஆகலாம்.

ஆனால் இந்த நிபந்தனையை எமது மண்ணில் அளவுகோலாக எடுத்து நீட்டும்போது கை நடுங்க வேண்டும். போர் பிரித்த வீடுகளை வைத்து ஆட்களை மதிப்பிட முடியாது. கணவன் காணாமல் ஆக்கப்பட்டு, கைம்பெண் என்றும் மனைவி என்றும் சொல்ல முடியாமல் பிள்ளைகளை வளர்க்கும் தாய், தன் வீட்டை நடத்தவில்லையா? செட்டிகுளம் முகாமில் மூன்று பிள்ளைகளையும் ஒரு தறப்பாளுக்குக் கீழே வைத்து, ஊர் திரும்பியதும் தனியே கச்சானும் உளுந்தும் போட்டுக் கடன் இல்லாமல் இருப்பவர், எந்த ஆணையும்விடப் பவுலின் சோதனையில் தேறியவர். மகன் குடிக்கிறான் என்பதற்காகத் தகப்பனை ஒதுக்குவதற்கு முன், அந்த மகன் எந்த வயதில் எதைக் கண்டான் என்றும் கேட்க வேண்டும். பவுல் பார்க்கச் சொன்னது வீட்டில் குறை இல்லையா என்பதையல்ல, வீட்டிலுள்ளவர்களை அவர் எப்படி நடத்துகிறார் என்பதை என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம். மனைவியை அடிப்பவர் திருநாள் கூடு தூக்க முன்னுக்கு வருவதைத் தடுக்க இந்த ஒரு வசனமே போதும்.

பெண்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: திருத்தொண்டர் பட்டியலின் நடுவிலேயே பெண்களுக்கும் தனியாகத் தகைமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவர்கள் திருத்தொண்டரின் மனைவியரா, திருத்தொண்டு செய்த பெண்களா என்பது விவாதத்துக்குரியது. உரோமையருக்கு எழுதிய மடலின் கடைசி அதிகாரத்தில் கெங்கிரேயா சபையின் பணியாளரான பெபேயாவைப் பவுல் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியை, ஆண் பெண் இருபாலாருக்கும், திருச்சபையின் நிறுவப்பட்ட பணியாக ஏற்படுத்தினார். பங்குச் சபைக்கோ முன்பும் தடை இருக்கவில்லை. பழக்கம்தான் தடை.

மூப்பர்கள் காத்த சபை

சபை என்றால் சுவாமி, நாங்கள் உதவிக்கு நிற்கிறவர்கள் என்று சொல்பவர்களுக்கு எமது சொந்த வரலாற்றை நினைவூட்ட வேண்டும். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், எமது மறை தடைசெய்யப்பட்டது. 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இடம்பெயர்ந்ததாக மடுப்பதியின் வரலாறு கூறுகிறது. அவர்களோடு குரு ஒருவரும் இருக்கவில்லை. இன்று நாடு முழுவதும் தேடி வரும் மருதமடுத் திருத்தலம், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தாமாகவே காத்த ஒன்றிலிருந்து வந்தது.

1687 இல் கோவாவிலிருந்து புனித யோசவ் வாஸ் பிச்சைக்காரரைப் போல வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துக் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலையில் தங்கினார், வன்னியிலும் புத்தளத்திலும் கண்டி இராச்சியத்திலும் நடந்தார். 1711 இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் ஒரு தனி மனிதர், நாடோ பெரியது. ஓர் ஊருக்குத் திரும்பி வர நெடுநாள் ஆகும். ஆகவே ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். செபத்தை நடத்துவதும், ஆபத்தில் திருமுழுக்குக் கொடுப்பதும், பிள்ளைகளுக்கு மறை படிப்பிப்பதும், நோயாளரைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. மடல்களில் வரும் அதே சொல், மூப்பர். குருவைப் பிடித்தால் சபை அழிந்துவிடும் என்று ஒல்லாந்தர் நினைத்தார்கள். அழியவில்லை.

கணக்கு

பொறுப்பை விட்டுப் போகும் நாளில் சாமுவேல் இறைவாக்கினர் மக்களைக் கூட்டி ஒன்று கேட்டதாகச் சாமுவேல் முதல் நூலின் 12 ஆம் அதிகாரம் கூறுகிறது: யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் கைக்கூலி வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்கிறார். மக்கள் இல்லை என்று சாட்சி சொல்கிறார்கள். முழுக் கணக்கும் மாட்டிலும் கழுதையிலும்தான் இருக்கிறது! அரசன், போர், பெரும் காரியங்கள் எதையும் அவர் தன் நற்சான்றாகச் சொல்லவில்லை. 2009 இல் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடி, திரும்பி வந்தபோது வெறும் கட்டையைக் கண்ட உங்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

பவுலும் அப்படியே. எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் காசு சேர்த்தபோது அதனைத் தனியே கொண்டு போக அவர் விரும்பவில்லை. தீத்துவையும், சபைகளின் நம்பிக்கையைப் பெற்ற வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையில் தம்மேல் ஒரு சொல் வரக் கூடாது. ஆண்டவர் கண்ணுக்கு மட்டுமல்ல, மனிதர் கண்ணுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 8 ஆம் அதிகாரத்தில் காரணம் சொல்கிறார். என்னை நம்பவில்லையா என்று கோபிக்கும் பொருளாளர்கள் இதனை வாசிக்கலாம். பவுலைவிட நாம் நம்பிக்கைக்குரியவர்கள் அல்லர்.

1983 இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே கேட்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537 ஆம் சட்டம். விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு விசுவாசிகளிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287 ஆம் சட்டம். ஆகவே கணக்குக் கேட்பது குருவுக்கு எதிரான காரியம் என்று யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

குருக்களாகிய எங்களுக்கு இருப்பதும் வேறு தராசு அல்ல. தம்மையே மேய்த்த மேய்ப்பர்களை எசேக்கியேல் 34 ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். அவர் குரு, பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களோடு தாமும் போய்க் கெபார் ஆற்றோரத்தில் வாழ்ந்தவர். இடம்பெயர்ந்தவர் இடம்பெயர்ந்தவருக்கு எழுதிய அதிகாரம் அது. ஓநாய் வரும்போது ஓடுகிற கூலியாளையும் நிற்கிற ஆயனையும் பற்றி ஆண்டவர் சொன்னதை, 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் பலர் தம் கண்ணால் கண்டார்கள். கிளிநொச்சிப் பகுதியில் பணிபுரிந்த அருட்பணி சரத்ஜீவன் மக்களோடு முள்ளிவாய்க்கால் வரை போய், 2009 மே 18 இல் உயிர்விட்டார். அவரைப் போல நிற்க எல்லோராலும் முடியும் என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆனால் போர் இல்லாத நாட்களில் அதே சோதனை சிறிய வடிவில் வருகிறது. மழைநாளில் வயலுக்குள் இருக்கும் வீட்டுக்கு நோயில் பூசுதல் கொடுக்கப் போகிறோமா இல்லையா என்பதும் அதுதான்.

அன்றைய கூட்டம்

அந்த அம்மா இருந்த பிறகு நெடுநேரம் அமைதியாக இருந்தது. யன்னலோரம் இருந்தவர் எழும்பினார். “நாப்பது பொதிதான் வந்தது. அறுபது குடும்பம் நிண்டது. ஆரை விடுறதெண்டு என்னட்டை விட்டிட்டுப் போட்டினம். எனக்குத் தெரிஞ்ச ஆக்களின்ரை பேரை முதல் எழுதினன். அது பிழைதான்” என்றார். அழவில்லை, மன்னிப்பு என்ற சொல்லையும் பாவிக்கவில்லை.

அப்போதுதான் நாம் மேலே எழுதிய 6 ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தோம். எருசலேமில் கைம்பெண்களை விட்டது யார் என்று அந்தப் பகுதி சொல்லவில்லை. தேடிக் கண்டுபிடித்துத் தண்டித்ததாகவும் இல்லை. பங்கிடும் முறையும் பங்கிடும் ஆட்களும்தான் மாறினார்கள். அந்த அம்மாவுக்கு இது முழுதாகத் திருப்தி தந்ததாகத் தெரியவில்லை. தந்திருக்க வேண்டும் என்றும் நாம் சொல்லமாட்டோம். பசித்தது அவருடைய பேரப்பிள்ளைகள்.

பிறகு பெயர்கள் வந்தன. முதலில் வாத்தியார் பெயர். அவர் வேண்டாம் என்றார். ஒரு பெண், கடைசி ஒழுங்கையில் இருக்கும் மலையகக் குடும்பத்துத் தாய் ஒருவரின் பெயரைச் சொன்னார். முகாமில் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் குடங்களை வரிசையில் வைத்துச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டவர் அவர் என்று பலர் சொன்னார்கள். தனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்றார் அந்தத் தாய். எழுதுவதற்குப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்றைச் செயலாளருக்குத் துணையாகப் போட்டோம். அவர் பொருளாளர் ஆனார். உண்டியல் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று வீட்டில் என்று முடிவாயிற்று. அவற்றில் ஒன்று அறைவீட்டில் எம்மிடம் இருக்கட்டும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நாம் மறுத்தோம்.

சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறப்பதற்கு முதல் ஞாயிறு கணக்கு வாசிக்கப்படும் என்று கோவில் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பூட்டு வாங்கப் பரந்தன் சந்திக்குத் துவிச்சக்கர வண்டியில் போய் வந்தவர், யன்னலோரம் இருந்த அந்த மனிதர். பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் அதனை விரித்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று பேரனிடம் வாசிக்கச் சொன்னார்.